சுவரோரத்துச் செவ்வெறும்பு

வீட்டைச் சுற்றி எறும்பு புற்று வைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த எறும்புங்க?" என்பதுதான். கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எறும்பில் என்ன இந்த எறும்பு, அந்த எறும்பு, மருந்தைச் சொல்லு என்று பார்ப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி மட்டுமே நாலு வகை இருந்தன. அதில் ஒன்றுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. இன்னொன்று எப்போதாவது தொல்லை. மீதி இரண்டும் இன்றைக்கும் அங்கேயே குடியிருக்கின்றன. நான் தொடுவதில்லை.

எங்கள் வீடு காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மழை மறைவுப் பகுதி, வறண்ட பூமி. சுற்றிலும் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் என்கிற மேய்ச்சல் காடுகள், நடுநடுவே வெள்வேல மரங்கள். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணி விடும் காலத்தில் அக்கட்டால இருக்கும் காடுகள் கொஞ்சம் பச்சை கட்டும், அவ்வளவுதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து மேற்குச் சுவரோரம் கொட்டிவிட்டுப் போகும். அப்படிச் சேர்ந்த பொலபொலப்பான செம்மண், அதன் மேல் வீட்டு நிழல், பக்கத்திலேயே துணி துவைக்கிற கல்லிலிருந்து கசியும் ஈரம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை காய்ந்து கிடக்கும்போது ஈரம் மாறாத மண் நம் வீட்டு ஓரத்தில் மட்டும்தான் என்றால், எறும்பு வேறெங்கே போகும்?

நாலு வகையையும் சொல்லிவிடுகிறேன். வேப்பமர வேரடியில் கட்டெறும்பு. பெரிசு, கருப்பு, கையை வைத்தால் கடிக்கும், நாமாகப் போய்க் கையை வைக்காதவரை அதன் பாட்டில் மரம் ஏறி இறங்கும். இரண்டாவது, வாசலைத் தாண்டி, ரெண்டு வேலிக்கு நடுவே ஓடுகிற இட்டேரிப் பக்கம் போகும் தடத்தில் இருப்பது. புல்விதை சேர்க்கிற எறும்பு. அதன் வளை வாயைச் சுற்றி உமியும் சருகுமாக வட்டமாகக் குவிந்து கிடக்கும். கொழுக்கட்டைப் புல் விதை விழுகிற காலத்தில் வரிசை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பஞ்ச காலத்தில் இந்த மாதிரி வளைகளைத் தோண்டிப் புல்லரிசி எடுத்து வந்து கஞ்சி காய்ச்சினார்கள் என்று என் மாமியார் தன் ஆத்தா சொல்லக் கேட்டிருக்கிறார். "நம்மளுக்குச் சோறு போட்ட எறும்பு அம்மிணி, அதை ஒண்ணும் பண்ணீறாத" என்பார். பண்ணவும் தேவையில்லை. வீட்டுக்குள் வருகிற பழக்கம் அதற்குக் கிடையாது.

மூன்றாவது, நாங்கள் பிள்ளையார் எறும்பு என்று சொல்வது. நெட்டைக்கால், கருப்பு, ஓரிடத்தில் நிற்காமல் தாறுமாறாக ஓடும். கடித்தாலும் தெரியாது. தொல்லை வேறு விதத்தில் வரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலாவது செவ்வெறும்பு. ஊரில் கடியெறும்பு, நெருப்பெறும்பு என்றும் சொல்வார்கள். இதில் ஒரே புற்றுக்குள்ளேயே சின்னதும் பெரிசுமாக இருக்கும். பெரிசுகளுக்குத் தலை மட்டும் சதுரமாகத் தடித்துத் தெரியும். நம் பக்கம் அதிகம் பார்க்கிற நெருப்பெறும்பின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பல நூறு வருசத்துக்கு முன்னால் கப்பல் சரக்கோடு சரக்காக உலகம் சுற்றி வந்து சேர்ந்தது. மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டுக்குமே எரிச்சல் ஒன்றாகத்தான் இருக்கிறது.

செவ்வெறும்பு கடிக்கிறது என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது வாயால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்பக்கக் கொடுக்கால் கொட்டுகிறது. கவ்வின பிடியை விடாமல் உடம்பைச் சுழற்றிச் சுழற்றிப் பல இடத்தில் கொட்டும். அதனால்தான் ஒரு எறும்பே ஏறினாலும் ஒரு கொத்தாகத் தடிப்பு வருகிறது. காலில் ஏறிவிட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிற்காமல், துணியாலோ கையாலோ சட்டென்று தேய்த்துத் தள்ளிவிட வேண்டும். தண்ணீருக்கு அது பிடியை விடாது. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைத்தால் எரிச்சல் அடங்கும். மாமியார் சுண்ணாம்பு தடவுவார். எங்கள் பையனுக்குத் தடவ நான் விடுவதில்லை. மறுநாள் சின்னதாகக் கொப்புளம் வந்தால் கிள்ளக் கூடாது, கிள்ளினால் புண்ணாகும். ஆனால் கொட்டின கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, தலை சுற்றினாலோ கைவைத்தியம் ஒன்றும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சிலருக்கு எறும்பு விஷம் ஒத்துக்கொள்ளாது, அது உயிருக்கே ஆபத்தாகப் போகும்.

மனுசரைவிட எங்கள் வீட்டில் அதிகம் அவதிப்பட்டது கோழிதான். முட்டை ஓடு உடைந்து குஞ்சு மூக்கை நீட்டும் நேரத்தில் அந்த ஈர வாசனைக்குச் செவ்வெறும்பு வந்துவிடும். ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சைத் தின்றுவிடும். அடைக்கூடையில் கரித்துண்டும் வரமிளகாயும் போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எறும்புக்கு அது போதாது. கூடையை ஒரு முக்காலி மேல் வைத்து, முக்காலியின் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றின கொட்டாங்குச்சியில் நிறுத்தினோம். அதற்கப்புறம் குஞ்சு தப்பியது. தண்ணீரில் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் எறும்பு மிதந்து கடக்க முடியாமல் மூழ்கிவிடும். முக்காலி சுவரில் உரசாமல் இருக்க வேண்டும், கூடையிலிருந்து வைக்கோல் தொங்கித் தரையைத் தொடக் கூடாது. இதை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் வைத்தால் பிரயோசனமில்லை.

சரி, புற்றுக்கு வருகிறேன்.

ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் பவுடர். எங்கள் அட்டாலிப் பரணிலேயே மாமனார் காலத்துப் பூச்சிமருந்துப் பை ஒன்று பாதி கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. "அதைத் தூவுனா ஒரு பூச்சி நிக்காது" என்று பெருமையாகச் சொன்னார்கள். நிற்காதுதான். அந்த பி.எச்.சி. பவுடரை அரசாங்கம் 1997இலேயே தடை செய்துவிட்டது. அதன் தம்பியான லிண்டேனுக்கு 2011இல் தடை வந்து, 2013இலிருந்து உபயோகிக்கவும் கூடாது என்றாகிவிட்டது. உரக்கடைகளில் முன்பு எறும்புக்குத் தூவக் கொடுத்த மீத்தைல் பாரத்தியான், கார்பரில் இரண்டும் 2018 தடைப் பட்டியலில் போயின. இவை மண்ணில் கிடக்கும், கோழி கொத்தும், மாட்டுத் தண்ணித்தொட்டிக்குப் போகும், மழையில் கிணற்றுக்கு இறங்கும். வீட்டில் பழைய பை இருந்தால் தீர்த்துவிடலாம் என்று தூவுகிற வேலையும் வேண்டாம், சாக்கடையில் கொட்டுகிற வேலையும் வேண்டாம். பையோடு இன்னொரு பாலித்தீன் பையில் கட்டி, குழந்தைக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, வேளாண்மை விரிவாக்க மையத்தில் என்ன செய்வதென்று கேளுங்கள்.

இப்போது கடையில் கிடைக்கிற பவுடரும் ஸ்பிரேயும் எறும்பு சாக்பீஸும் பெரும்பாலும் பைரித்ராய்டு என்கிற பூச்சிமருந்து வகை. பட்டவுடனே எறும்பு சுருண்டு விழும். பார்க்கிறவர்களுக்கு மனசு நிறையும். ஆனால் வெளியே நடமாடுவது மொத்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான். ராணி, புழு, கூட்டுப்புழு, அவற்றைப் பார்த்துக்கொள்கிற எறும்புகள் எல்லாம் தரைக்குள். வெளியே நூறு செத்தால் உள்ளே இருந்து நூறு வரும். அதோடு, மருந்து வாசனை பட்ட புற்று வாயை மூடிவிட்டு நாலடி தள்ளி வேறு வாயைத் திறக்கும். பிள்ளையார் எறும்பு மாதிரிப் பல ராணிகளோடு வாழ்கிற வகையாக இருந்தால், ராணிகளையும் புழுக்களையும் தூக்கிக்கொண்டு ரெண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்தே போய்விடும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டில் மேற்குச் சுவரில் பவுடர் போட்ட பிறகுதான் எறும்பு சமையல் ரூமுக்குள் தலை காட்டியது. அவர் அதற்குப் பவுடரின் தரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கொதிக்கிற தண்ணீர் பழைய முறை. என் மாமியார் விறகடுப்பில் பெரிய குண்டாவை ஏற்றி வைத்து, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கொண்டுபோய் ஊற்றுவார். இது கேலி செய்கிற விஷயமில்லை. டெக்சாஸ் பக்கம் அங்குள்ள நெருப்பெறும்புக்கு இதைச் செய்து பார்த்து, ஒரு புற்றுக்குப் பத்து லிட்டர் அளவில் ஊற்றினால் நூற்றுக்கு அறுபது புற்று ஒழியும் என்றே சொல்கிறார்கள். திறந்த வெளியில், செடி எதுவும் இல்லாத இடத்தில், தனியாக எழும்பின புற்றுக்கு நல்லது. ஊற்றும் முன்னால் குச்சியால் கிளறக் கூடாது. கிளறினால் ராணி ஆழத்துக்குப் போய்விடும். சுவரை ஒட்டின புற்றுக்கு இது ஆகாது. தண்ணீர் எந்தச் சந்தில் போகிறது என்று தெரியாது, கடைக்காலுக்குள் ஊறும். கொதிக்கிற குண்டாவைத் தூக்கிக்கொண்டு எறும்புக் கூட்டத்தின் நடுவே நிற்பதும் வயசானவர்கள் செய்கிற வேலையில்லை. அத்தையிடம் சொன்னேன். "நான் என்ன இன்னைக்கா தூக்கறேன்" என்றார். இப்போது குண்டாவை நான் தூக்குகிறேன், அவர் எங்கே ஊற்றுவது என்று காட்டுகிறார்.

எங்கள் சுவரோரப் புற்றைத் தீர்த்தது போரிக் பவுடர். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுப்பார்கள். கேரம் போர்டுக்குத் தூவுகிற பவுடர் சிலதிலும் இதேதான் இருக்கும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். இது பட்டதும் கொல்கிற மருந்தில்லை. தின்றால் வயிற்றில் போய் மெல்ல வேலை செய்யும். அந்த மெதுவில்தான் விஷயமே இருக்கிறது. வளர்ந்த எறும்பு கெட்டியான தீனியை விழுங்காது, நீராகத்தான் குடிக்கும். குடித்ததை வயிற்றில் கொண்டுபோய், வாயோடு வாய் வைத்து மற்றதுகளுக்கு ஊட்டும். அப்படியே கை மாறி ராணி வரை போகும். வழியிலேயே செத்து விழுந்தால் எங்கே ஊட்டுவது?

அதனால் கலவை நீர்த்துத்தான் இருக்க வேண்டும். நான் செய்கிற அளவு: அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் போரிக் பவுடர். நூற்றுக்கு ஒன்று. சமையல் தராசில் 5 கிராம் நிறுப்பது கஷ்டமென்றால் டீஸ்பூனால் தலைதட்டி ஒன்று, அதோடு ஒரு சிட்டிகை. இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டால் சீக்கிரம் சாகுமே என்று எல்லோருக்கும் கை அரிக்கும். அதிகம் போட்டால் எறும்பு மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும், இல்லையென்றால் புற்றுக்குப் போய்ச் சேருமுன் செத்துவிடும். இரண்டும் நமக்கு நஷ்டம்.

ஆனால் செவ்வெறும்பு சர்க்கரைத் தண்ணீருக்குச் சரியாக வரவில்லை. இதற்கு ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்பது நல்லது. ஒரு அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் ரெண்டு சொட்டு, நுணுக்கின நிலக்கடலை கொஞ்சம், கொப்பரைச் சீவல் ஒன்று, கருவாட்டுத் துணுக்கு ஒன்று வைத்து, புற்று வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தால் போதும். எதில் மொய்க்கிறதோ அதில்தான் மருந்தைக் கலக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் வேலை பார்ப்பதால் கொப்பரைக்குப் பஞ்சமில்லை. செவ்வெறும்பு கொப்பரையையும் கடலையையும்தான் விழுந்தடித்துக்கொண்டு தூக்கியது. நெருப்பெறும்புக்கு எண்ணெய்ச் சத்தென்றால் உயிர். வெளிநாட்டில் அதற்கென்று விற்கிற மருந்துத் தீனியைக்கூடச் சோள நொய்யில் எண்ணெய் ஏற்றித்தான் செய்கிறார்கள். அதனால் வறுத்த கடலையையும் கொப்பரையையும் மிக்சியில் எண்ணெய் விடும்வரை அரைத்து, 100 கிராம் விழுதுக்கு 2 கிராம் போரிக் பவுடர் சேர்த்து நன்றாகப் பிசைந்தேன். கெட்டித் தீனியை வேலைக்கார எறும்பு தின்ன முடியாவிட்டாலும் புற்றுக்குத் தூக்கிப் போய்ப் புழுக்களுக்குப் போடும். புழு அதைக் கரைத்து மறுபடி எறும்புகளுக்கு நீராகக் கொடுக்கும். கூட்டத்தின் வயிறே அந்தப் புழுதான் என்று சொல்லலாம்.

மிக்சி ஜாரை அப்படியே சட்னிக்கு எடுத்துவிடக் கூடாது என்பதால் பவுடரை ஜாரில் போடாமல் தனி டப்பாவில் வைத்துக் கையுறையோடு பிசைவேன். போரிக் பவுடர் மனுசருக்கு அவ்வளவு கடுமையான விஷம் இல்லை என்றாலும் குழந்தை தின்றால் ஆபத்து. உப்பும் சர்க்கரையும் இருக்கிற அலமாரியில் அதை வைக்கவே கூடாது. டப்பா மேல் பெரிசாக எழுதி ஒட்டிவிடுங்கள். மீதியான கரைசலைச் செடியில் ஊற்றிவிடாதீர்கள், போரான் கூடினால் இலை ஓரம் கருகி வரும்.

வைக்கிற விதமும் முக்கியம். பிளம்பர் வேலைக்கு வாங்கி மிஞ்சின பி.வி.சி. குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நடுவில் விழுதை வைத்து, எறும்புத் தடத்தின் ஓரமாகப் படுக்க வைத்து மேலே கல்லை ஏற்றினேன். கோழி அலகு எட்டாது, நாய் நக்காது, தூறல் விழுந்தாலும் நனையாது. சர்க்கரைக் கரைசல் என்றால் பஞ்சை நனைத்து மூடியில் வைத்துக் குழாய்க்குள் தள்ளிவிடலாம். நம் வெயிலுக்குக் கரைசல் சீக்கிரம் காய்ந்தோ புளித்தோ போகும், ரெண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் எறும்பே வெளியே வராது. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வைப்பதுதான் சரி.

வைத்த மறுநாள் எறும்பு முன்பைவிட அதிகமாக வரும். இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வரும். "மருந்து வெச்சயா, விருந்து வெச்சயா?" என்று அத்தை கேட்டார். அந்த வரிசையைத் துடைக்காமல், பக்கத்தில் ஸ்பிரே அடிக்காமல், சீமாற்றால் தள்ளாமல் விட்டுவிட வேண்டும். எங்களுக்கு வரிசை மெலிவது தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, முழுசாக ஓய்வதற்கு இன்னும் சில வாரம். நடுவில் ஒருநாள் திடீரென்று கடலையைச் சீண்டாமல் விட்டது. சர்க்கரைப் பஞ்சுக்கு மாற்றினேன், குடித்தது. புற்றுக்குள் என்ன தேவையோ அதைப் பொறுத்து அதன் ருசி மாறும்போல.

எறும்பு ஓய்ந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டோம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வீட்டைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு சந்து விட்டிருந்தது. தளத்துக்கு அடியில் நிரப்பின மண் சரியாகத் தண்ணீர் விட்டு இடிக்கப்படாததால் தளம் இறங்கிவிட்டது, சுவர் அப்படியே நின்றது. அந்தச் சந்துதான் புற்றின் வாசல். உள்ளே எறும்பு உயிரோடு இருக்கும்போது வெளிச்சந்தை அடைத்தால் அது வீட்டுக்குள் வழி தேடும். டைல்ஸ் இணைப்பில், கதவு நிலை ஓரத்தில், பாத்ரூம் தண்ணீர்க் குழாய் துளையில் எங்கே இடமிருந்தாலும் வரும். ஆள் இல்லாத புற்றை அடைப்பதுதான் அடைப்பு. கொத்தனார் தளத்தின் விளிம்பை ஒரு ஜான் அகலத்துக்கு உடைத்து, அடியில் எறும்பு குடைந்து வைத்திருந்த பொந்தில் மண்ணும் ஜல்லியும் இட்டு, தண்ணீர் விட்டு நன்றாக இடித்து, மேலே வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் போட்டார். அந்தச் சரிவு இருந்தால்தான் தண்ணீர் சுவரோரம் நிற்காது.

பேவர் பிளாக் பதித்தவர்கள் இதில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டைகளுக்கு நடுவே எறும்பு மணலை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் மேலே அழகாகத்தான் தெரியும். அடியில் மணல் குறைந்து, காரோ டிராக்டரோ ஏறும்போது பிளாக் உள்வாங்கும். மணல் குவியலைப் பெருக்கித் தள்ளுவதோடு நிற்காமல், எறும்பைத் தீர்த்தபின் இணைப்பில் மறுபடி மணல் நிரப்ப வேண்டும்.

அந்தச் சுவர்ச் சந்தைவிடப் பெரிய காரணம், முதலிலேயே சொன்ன ஈரம். துவைக்கிற கல்லின் தண்ணீரை ஒரு குழாய் போட்டுப் வீட்டுப் பின்பக்கப் பொடக்காளியில் இருக்கிற தென்னைக்குத் திருப்பினோம். சுவரில் சாத்தி வைத்த விறகையும் உரிமட்டைக் குவியலையும் மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் மாற்றினோம். பூந்தொட்டிகளைச் சுவரிலிருந்து ரெண்டடி தள்ளிச் செங்கல் மேல் ஏற்றி வைத்தோம், தொட்டிக்கு அடியில் ஈரமாக இருக்கிற இடம் எறும்புக்கு ராஜ அரண்மனை. இவை எதற்கும் பெரிசாகச் செலவில்லை. மருந்துக்குச் செலவழித்ததைவிட இதில்தான் அதிகம் பலன் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

செடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜன்னலை ஒட்டி ஒரு செம்பருத்தி, அதற்கு அந்தப் பக்கம் பப்பாளி. இரண்டிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினதுபோல் மாவுப்பூச்சி. மாவுப்பூச்சியின் பின்பக்கம் கசிகிற தேன் மாதிரியான நீரைக் குடிக்கத்தான் எறும்பு செடி ஏறுகிறது. குடிக்கிற கைம்மாறாக, மாவுப்பூச்சியைத் தின்ன வருகிற பூச்சிகளையும் அதன் உடம்பில் முட்டையிட வருகிற குட்டிக் குளவிகளையும் விரட்டிவிடும். கொங்கு நாட்டில் இதன் அருமை தெரியாதவர்கள் குறைவு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 2008இல் கோயம்புத்தூரில்தான். அங்கிருந்து பரவி ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் காலி செய்தது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அசிரோபேகஸ் என்கிற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி வேலை செய்ய வேண்டுமென்றால் எறும்புக் காவல் இருக்கக் கூடாது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்த கிளைகளை வெட்டி எரித்தேன். மீதியில் சோப்புக் கரைசலோடு வேப்பெண்ணெய் கலந்து அடித்தேன். ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த கிளையை வெட்டினதுதான் உடனே பலன் கொடுத்தது. எறும்பு வீட்டுக்குள் வர அதுதான் பாலமாக இருந்திருக்கிறது. கொய்யா, மாமரத்தில் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்பு ஏறினால் அடிமரத்தில் கிரீஸ் தடவுவார்கள். பட்டையில் நேராகத் தடவாமல், அகல டேப்பைச் சுற்றி அதன் மேல் தடவினால் மரம் வேகாது. மரத்தின் ஒரு கிளை சுவரையோ வேறு மரத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால் கிரீஸ் தடவினதெல்லாம் வீண்.

பிள்ளையார் எறும்பு என்ன செய்தது என்று சொல்கிறேன் என்றேன். போர்வெல் மோட்டார் திடீரென்று எடுக்கவில்லை. எலக்ட்ரீசியன் தம்பி வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, "அக்கா, உள்ள பூராம் எறும்புங்க, காண்டாக்ட் புடிக்க மாட்டேங்குது" என்றார். காண்டாக்டருக்கு நடுவே எறும்பு சிக்கி நசுங்கி, செத்த எறும்புகள் கெட்டியாகப் படிந்திருந்தன. வெதுவெதுப்பும் இருட்டும் இருக்கிற பெட்டி, மழைக்காலத்தில் அதைவிட நல்ல இடம் எறும்புக்குக் கிடைக்காது. இதில் நாமாகக் கை வைக்கக் கூடாது. மெயினை இறக்கிவிட்டு, மூன்று பேஸிலும் கரண்ட் இல்லை என்று எலக்ட்ரீசியன் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே சுத்தம் செய்ய வேண்டும். ஒயர் நுழைகிற துளைகளை எம்-சீல் வைத்து அடைத்தோம். பெட்டிக்குள் பாச்சை உருண்டை போடச் சொன்னவர்கள் உண்டு. தீப்பொறி பறக்கிற இடத்தில் அந்த ஆவி வேண்டாம் என்று நான் போடவில்லை. பெட்டிக்கு வெளியே, சுவரில் எறும்பு ஏறி வருகிற தடத்தில் சர்க்கரைப் பஞ்சை வைத்தது போதுமாக இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புதிதாக எங்கிருந்தோ எறும்பு கூட்டமாகத் திண்ணை ஏறினால் பதற வேண்டியதில்லை. வளைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். வாயில் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் முட்டையில்லை, புழுவும் கூட்டுப்புழுவும். முட்டை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அந்த நேரத்தில் மருந்து வைத்தாலும் தின்னாது, குடித்தனம் மாற்றுகிற அவசரத்தில் இருக்கும். வாசல்படியிலும் ஜன்னல் விளிம்பிலும் சோப்புத் தண்ணீரால் துடைத்துத் தட வாசனையை அழித்துவிட்டால், மழை விட்டதும் பெரும்பாலானவை மண்ணுக்குத் திரும்பிவிடும். திரும்பாமல் சுவரோரமே தங்கினால் அப்போது தீனி வைத்துக்கொள்ளலாம்.

சுவரில் மண் குழாய் மாதிரி கோடு கோடாக ஏறினால் அது எறும்பே இல்லை, கரையான். மேலே சொன்ன எறும்புத் தீனியை அதற்கு நம்ப வேண்டாம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி, மீசை முழங்கை மாதிரி மடிந்திருக்கும். கரையானுக்கு இடுப்பே இருக்காது, மீசையும் நேர். கரையானைப் பிடித்துத் தின்பதில் எறும்பை மிஞ்ச ஆளில்லை. கட்டெறும்பையும் புல்லரிசி எறும்பையும் சும்மா விடுவதற்கு அத்தை சொல்கிற காரணம் ஒன்று. எல்லா எறும்பையும் ஒழித்த இடத்தில் கரையானுக்கு யார் பயம் காட்டுவது என்பது என் காரணம்.

அத்தை தினமும் சாணி தெளித்து அரிசி மாவில்தான் கோலம் போடுவார். எறும்பு தின்னட்டும் என்றுதானே போடுவது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. படியோரம் கல்மாவுக் கோலம், அரிசி மாவுக் கோலம் வாசலின் கிழக்கு ஓரத்தில் வேப்பமரத்துப் பக்கம் என்று பேசி முடித்தோம். சனிக்கிழமை வெல்லமும் நொய்யும் வைப்பதும் அங்கேதான்.

இப்போது மிச்சம் இருப்பது வடக்குக் காம்பவுண்டு சுவர். அதன் அடியில் ஒரு செவ்வெறும்புப் புற்று, பாதி எங்கள் பக்கம், பாதி பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பக்கம். நான் இந்தப் பக்கம் தீனி வைக்கும்போது அவர் அந்தப் பக்கம் பவுடர் தூவினால் என் தீனியை ஒரு எறும்பும் தொடாது. அதனால் அவர் வீட்டு அக்காவிடம் பேசியிருக்கிறேன். தை பிறந்து மண் காய்ந்ததும் ரெண்டு பக்கமும் ஒரே நாளில் குழாய் வைப்பது, அதுவரை அண்ணனிடமிருந்து பவுடர் டப்பாவை வாங்கி அக்கா பீரோவில் வைத்துப் பூட்டுவது. கடலையும் கொப்பரையும் என் பொறுப்பு, குழாய் அவர்கள் பொறுப்பு.